ஜோடி தப்பிய எண்கள்

பெங்களூர்
14.6.2008

அன்புள்ள அம்மாவுக்கு ஃபீபி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி கம்மியாயிற்றா?

என் புருவத்தில் மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். பயப்படாதீர்கள், ஆறி வருகிறது. இங்கே ரேடியோ அலைகளைக் கம்ப்யூட்டரில் எண்களாகப் பதிந்து, வேறு வகை ஃபைலாக மாற்றுகிறோம். திங்களன்று என் பக்கத்து சீட் அக்சா மாற்றிய ஃபைலில் ரேடியோப் பேச்சு குளறியது. சூப்பர்வைசர் அவள் தலையை மேஜையில் மோதினார். அவள் முன்பல் உடைந்தது.

எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! "அடிக்காதீங்க சார். எண்ணெல்லாம் ரெண்டு ரெண்டா ஜோடி. முதல் எண்ண நீங்கதான் வெட்டுனீங்க. எங்கம்மா ஆம்பூர்ல ஷூ பேக்கிங் பண்றாங்க. வரிசைல ஒரு ஷூ தொலைஞ்சா அப்புறம் எல்லா டப்பாவுலயும் தப்பு ஜோடிதான்" என்றேன்.

"ஷூ கம்பெனிக்காரி எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று ஹெட்போனை என் முகத்தில் வீசினார். பிறகு அந்த எண்ணைச் சேர்த்துப் பார்த்தார். பேச்சு தெளிவாகக் கேட்டது. அதற்கும் அக்சாவைத்தான் உதைத்தார்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, ஆனால் அனுப்ப வேண்டாம். வீட்டுக் கடிதம் வந்தால்தான் கம்பெனி ஹாஸ்டலிலிருந்து வெளியே விடுவார்கள். உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று உடனே எழுதுங்கள். அக்சாவுக்கு அம்மா இல்லை. அவளும் உங்கள் மகள் என்று சொல்லி, இரண்டு மகள்களையும் அனுப்பும்படி எழுதுங்கள். தனியாக வரமாட்டேன்.

வார்டன் வருகிறார்.

ஃபீபி