உம்மா விற்ற கத்தரிக்காயும் நாலு பச்சைப் பொத்தானும்

அன்புள்ள மகன் றிஸ்கானுக்கு வாப்பா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். கலேவெலயில் நானும் உம்மாவும் அல்லாஹ்வின் அருளால் சுகமாக இருக்கிறோம், கொரியாக் குளிரில் நீயும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறோம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு, அதுவும் பதிவுத் தபாலில், என்று நீ பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. உள்ளே கடதாசியில் மடித்து ஒட்டியிருக்கிற நகமளவு மெமரி கார்டை முதலில் பத்திரமாக எடுத்து வை. அதற்குள் உன் உம்மா இருக்கிறாள்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், பத்திரிகைக்கு முப்பத்திரண்டு வருஷம் எழுதிய கைக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. போன சந்தை நாளில் உம்மா கத்தரிக்காய் வாங்கி முடித்த நேரம் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கடைக்காரர் ஸெய்னுலாப்தீன், ராத்தா, தொழுதுட்டு ஓடி வாறேன், கொஞ்சம் பாத்துக்கோங்க என்று சொல்லிப் பள்ளிக்குப் போய்விட்டார். உனக்குத்தான் தெரியுமே, உம்மாவால் சும்மா நிற்க முடியாது. அவர் கூவி விற்கிற மைக், கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தாள். எண்ட எண்ட என்று சிங்களத்திலும் வாங்க வாங்க என்று தமிழிலும் கூப்பிட்டு, இன்னைக்கிப் பறிச்ச கத்தரிக்கா, சட்டியக் காட்டினாலே வெந்துரும், குறை மட்டுமே சொல்ற எங்கூட்டு மனுசனே இதத் தின்னுட்டு வாய மூடிக்கிட்டாரு என்று ஆரம்பித்தாள். நான் அப்போது ஐம்பதடி தள்ளித் தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஸெய்னுலாப்தீன் வந்து பார்க்கும்போது சாக்கு வெறுமை. காசை அவர் கையில் கொடுத்துவிட்டு உம்மா தன் பையைத் தேடினால் பையும் வெறுமை, கைவேகத்தில் நமக்கு வாங்கியதையும் சேர்த்து விற்றுவிட்டிருக்கிறாள். அந்த இடத்தில் சிரித்தாள், மகன். நீ கட்டுநாயக்க விமான நிலையத்துக்குள் போன பிறகு பதினான்கு மாதமாக உதட்டால் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தவள், மைக் இன்னும் கையில் இருப்பதையும் மறந்து சிரித்தாள். பஸ் நிலையம் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் தினுஷா என்ற பிள்ளை, பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடையில் நிற்கிறவள், படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். மறுநாள் விடியும்போது நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டு றமீஸா வந்து சொன்னதும் உம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது, கல்யாணப் போட்டோவுலயே தலையக் குனிஞ்சி நின்னவ நான், என்னைய ஊரு பாக்குறதா, எனக்கு அதக் காட்டவும் வேணாம், இப்பவே அழிக்கச் சொல்லுங்க என்றாள். மருந்துக்கடைக்குப் போன் எடுத்தேன், உம்மா சொன்னபடி ஸ்பீக்கரில். அந்தப் பிள்ளை மிகவும் மரியாதையாகச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டது, கைப்போன் முதலாளியின் மேசை லாச்சியில் இருக்கிறது, ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறேன் என்றது. எனக்கு ஒரு பிரதி அனுப்பம்மா என்று அவளிடமே கேட்டிருக்கலாமே என்பாய். எப்படிக் கேட்பது, உம்மா என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

ஆக அந்தச் சிரிப்பைக் காப்பாற்ற எனக்கு ஐந்து மணி வரைதான். வீடியோ இறக்குகிற இணையத்தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பதிவின் லிங்கை எடுத்து ஒரு பெட்டியில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தது. ஒட்டினேன். கீழே நாலு பச்சைப் பொத்தான்கள், நாலிலும் டவுன்லோட். முதலாவதைத் தொட்டேன், என் போனில் பதின்மூன்று வைரஸ் என்று சிவப்பில் மின்னியது. இரண்டாவது எனக்கு ஒரு கார் பரிசு விழுந்திருப்பதாகச் சொன்னது. மூன்றாவது என் எடையைக் குறைக்க வந்தது. நாலாவதில் வீடியோ வந்தே விட்டது, ஆனால் சத்தம் இல்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் உம்மாவின் வாய் அசைந்தும் எனக்கு ஒன்றும் கேட்காதது அதுதான் முதல் தடவை, கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சிரிப்பு இல்லாமல் அதை வைத்து என்ன செய்வது. மாத்தளையில் கம்பியூட்டர் படிக்கிற உன் மாமி மகள் ஜெஸ்லாவைக் கிணற்றடிக்குப் போய் நின்று போனில் மெதுவாகக் கூப்பிட்டேன். மாமா, பச்சையா மினுங்குறதெல்லாம் விளம்பரம், கீழ சாம்பல் நிறத்துல எறும்பு மாதிரி எழுத்து இருக்கும், அதத் தொடுங்க, பாஸ்வேட் கேட்டா மட்டும் குடுத்துராதீங்க என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன், எறும்பு இருந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்குச் சத்தத்தோடு வந்தது. ஐந்து நாலுக்குப் பதிவு இல்லை, அந்தப் பிள்ளை சொன்ன சொல் தவறவில்லை.

கேட்காமல் ஒருத்தர் படத்தையும் நான் பத்திரிகைக்கு அனுப்பியதில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் கட்டின மனைவியின் படத்தைத் திருடி வைத்திருக்கிறேன், மூன்று நாள் அதை உம்மாவுக்குச் சொல்லவில்லை. நாலாம் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மாவே தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊரே பாத்திச்சாம், நான்தான் பாக்கல்ல, அவசரப்பட்டுட்டேன் போல என்றாள். போனை எடுத்து நீட்டினேன். அடப் பாவி மனுசா, திருட்டு நிருபர், என்றாள். பிறகு ஏழு தடவை பார்த்தாள். முதல் தடவை முந்தானை நழுவியதை ஏன் நான் சொல்லவில்லை என்று சண்டை. மூன்றாவது தடவை, பரவாயில்ல என்ன, நல்லாத்தான் விக்கிறேன் என்றாள். ஏழாவது முடிந்ததும் இத மகனுக்குக் காட்டணும் என்றாள், ஆனா போன்ல அனுப்பப்படாது, ஒருத்தன் கைக்குப் போனா ஊரு கைக்குப் போயிரும், தபால்ல அனுப்புங்க. தபால் கந்தோரில் உள்ளே என்ன என்று கேட்பார்கள். குடும்ப விஷயம் என்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு லீவு கேட்கக் கூச்சப்படாதே, மெஷினுக்குப் பக்கத்தில் கையுறையைக் கழற்றாதே. இதை யாருக்கும் அனுப்பாதே, அறையில் இருக்கிற கூட்டாளிகளுக்குக் காட்டலாம் என்று உம்மா நேற்று அனுமதி தந்துவிட்டாள், எத்தனை பேர் என்றும் விசாரித்தாள். மூன்று நிமிஷம் நாற்பத்தோராவது செக்கனில் பையைத் திறப்பாள். அதற்கு முன்பே சத்தத்தை முழுக்கக் கூட்டி வை.

உன் ஆயுளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஸக்கரியா

கார்டு கைக்கு வந்ததும் முதலில் உம்மாவுக்குப் போன் எடு. நீ சிரிப்பதைக் கேட்க வேண்டுமாம்.