கஞ்சி போகாத துணி

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வீட்டு விருந்துக்கு வந்திருந்தவர்கள்: நான். தம்பி தங்கராஜ். அவன் பெண்டாட்டி ரூத். அவர்கள் மகன் ஜான்சன், மருமகள் பிரியா, இன்று ஞானஸ்நானம் ஆன அவர்கள் பிள்ளை. என் மகள் லீலா. லீலா வீட்டுக்காரர் ஸ்டீபன், ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் வாத்தியார். போதகர், சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார். தங்கராஜுக்குப் பக்கத்துத் தறிக்காரர்கள் ஆறு பேர். கூப்பிட்டும் வராதவர்கள் மூன்று பேர், அது தனியாக ஞாபகம் இருக்கிறது.

காலையில் சாரல். ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. தண்ணீர் தெளித்தபோது பிள்ளை அழவில்லை, கொட்டாவி விட்டது. நல்ல பிள்ளை. பிரியாணி ருசி, கறி மட்டும் கொஞ்சம் முற்றல். ரூத் வைத்த கத்தரிக்காய் இரண்டு தடவை வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்ததும் தங்கராஜ் நடுக்கூடத்தில் எழுந்து நின்றான். கையில் பால்கோவாப் பொட்டலம்.

“ஏலே ஜான்சன், போன்ல எடு. நாலு பேரு பாக்கட்டும். சுகர்னு ஒரு நோயே கெடையாது. மாத்திரை விக்கதுக்குக் கெளப்பிவிட்டது. நான் மாத்திரைய விட்டு மூணு மாசம் ஆச்சு. இப்பப் பாருங்க.”

பொட்டலம் முழுவதையும் தின்றான். விரலையும் நக்கினான்.

“நான் டாக்டருக்குப் படிக்கல. படிக்காததுனாலதான் உண்மை தெரியுது!”

பி.ஏ. படித்தவன் சொல்கிறான். மாப்பிள்ளை ஸ்டீபன் “சூப்பர் மாமா!” என்று கை தட்டினார். கூடம் முழுக்கத் தட்டல்.

அப்போதுதான் அவன் இடது காலைப் பார்த்தேன். சுண்டுவிரலில் கட்டு. புதுச் செருப்பு கடித்ததாம், பத்து நாள் ஆகிறதாம். சுற்றியிருந்தது அவன் தறியிலிருந்து அறுத்த பேண்டேஜ் துணி. பழுப்பு நிறம். மொடமொடப்பு.

“தறித் துணியையாலே கட்டியிருக்க?”

“ஒலகத்துக்கே கட்டுப் போடுத துணிக்கா. நமக்கு ஆகாதாக்கும்?”

“அதுல கஞ்சி போகலயேடா. வெளுக்கல, ஆவி காட்டல.”

“பாருங்கய்யா, எங்கக்கா அஞ்சாங்கிளாஸ்லயே டாக்டர் ஆயிட்டா!”

சிரிப்பு. தறிக்காரர் ஆறு பேரும். லீலாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். ரூத் சிரிக்கவில்லை, தட்டுகளை எடுக்க உள்ளே போனாள்.

எழுதி வைத்துவிட்டேன். பிறகு எவனும் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லக் கூடாது.


ஜூன் 9, திங்கள்

வெயில். துவைக்கப் போட்டது: சேலை மூன்று, போர்வை ஒன்று. முருங்கையில் கம்பளிப்பூச்சி. சர்க்கரை மாத்திரை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. போட்டேன்.

நேற்றைய படம் குடும்பக் குரூப்பில் வந்துவிட்டது. தங்கராஜ் பால்கோவா தின்கிறான். அடியில் வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஆலங்குளத்துச் சித்தி மகன், பட்டாளத்தில் இருந்து வந்தவன், அவனும். போனில் லீலாவைக் கேட்டேன், எல்லாருக்கும் என்ன ஆயிற்று என்று.

“அந்தக் காலத்து ஆளுக புத்தி இப்ப யாருக்கு இருக்கும்மா” என்றாள்.

அந்தக் காலம் மட்டும் என்ன வாழ்ந்தது. வ.புதுப்பட்டிப் பெரியம்மா, முதல் பிள்ளையின் தொப்புளில் சாம்பலை அப்பினாள். ஒன்பதாம் நாள் பிள்ளைக்கு வாய் கட்டிக்கொண்டது, பத்தாம் நாள் இல்லை. அம்புட்டுப் பேரும் அறியாமல்தான் இருந்தோம். ஆனால் பெரியம்மா அடுத்த பிரசவத்துக்கு, வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போதே நர்ஸம்மா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலம்மா, நீங்க சொல்லுங்க” என்றாள். அப்படிச் சொல்ல வெட்கப்பட்டாள், ஆனாலும் சொன்னாள். அந்தப் பிள்ளைதான் இப்போது போலீஸில் இருந்து ரிட்டயர் ஆகி மீசை முறுக்குகிறது.

இப்போது தெரியாது என்பதை வெட்கப்பட்டுச் சொல்பவர் இல்லை. மெடல் மாதிரிக் குத்திக்கொள்கிறார்கள்.

தறி வீட்டில் பதினோரு வருஷம் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டவள் நான். மரவள்ளி மாவுக் கஞ்சி. நூல் அறாமல் இருக்கப் போடுவது. மழை நாளில் இரண்டே நாளில் பூஞ்சணம் பூத்துவிடும், எலி வந்து நக்கும். அந்தத் துணி வெளுக்கப் போய், கஞ்சி கழன்று, ஆவியில் வெந்து, உறைக்குள் ஒட்டின பிறகுதான் பேண்டேஜ். அதற்கு முன்னால் வெறும் துணி. இதைத் தெரிந்துகொள்ள எந்த கிளாஸ் படிக்க வேண்டும்?

தங்கராஜுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.


ஜூன் 10, செவ்வாய்

மாங்காய் வெட்டி உப்பில் போட்டேன். கல்லுப்பு தீரப் போகிறது.

பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண், நல்ல படித்த மாதிரி உடுப்பு: “எங்க வீட்ல பேப்பரே வாங்குறதில்ல. நியூஸே பாக்குறதில்ல. அதான் நிம்மதியா இருக்கோம்.” பக்கத்தில் நின்றவள்: “குடுத்து வச்சவுக.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வரும் வழி முழுக்கச் சிரித்தேன். நேற்றுப் போல் கோபம் இல்லை. சாயங்காலம் காற்று நன்றாக இருந்தது. தோசைக்கு வெங்காயச் சட்னி.

தங்கராஜ் இன்றும் எடுக்கவில்லை.


ஜூன் 11, புதன்

காலை ஏழு மணிக்கு ரூத் போன். குரலை அடக்கிப் பேசினாள்.

“மதினி, இவுக கால்ல நாத்தம் அடிக்கி. கேட்டா எரிஞ்சு விழுதாக. செத்த வாங்களேன்.”

எட்டு மணி பஸ். எடுத்துப் போனது: என் மாத்திரை, மாற்றுச் சேலை, உப்பு, பால்பாயிண்ட் பேனா.

தங்கராஜ் கட்டிலில் உட்கார்ந்து போனில், மாத்திரையை விடச் சொன்ன ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாடிக்காரன், பின்னால் செடி கொடி. உடம்பு தானே சரிசெய்துகொள்ளும் என்று பேசிக்கொண்டிருந்தான். நான் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

வெந்நீர் ஆறவைத்து உப்புப் போட்டு, கட்டை நனைத்து நனைத்து எடுத்தேன். துணி புண்ணோடு அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. கஞ்சி. உள்ளே பார்த்ததை எழுத மாட்டேன்.

“பாருக்கா, வலிக்கவே இல்ல. உள்ளுக்குள்ள ஆறிக்கிட்டு வருது. வலிச்சா நான் சும்மா இருப்பனா?”

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான். புதுப்பட்டி சர்க்கரை முகாமில் நர்ஸ் என் காலில் செய்தது ஞாபகம் வந்தது.

“கண்ண மூடு தங்கராசு. பேனாவால தொடுவேன். தொட்டதும் சொல்லு.”

மூடினான். பாதத்தில் புள்ளி வைத்தேன். பெருவிரல் அடியில் ஒன்று. நடுவில் இரண்டு. குதிகாலில் அழுத்தி ஒன்று. சுண்டுவிரல் பக்கம் இரண்டு.

“ம்... ஆரம்பிக்கா. எம்புட்டு நேரம் மூடிக்கிட்டு இருக்க?”

ரூத் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“கண்ணத் தெறடா” என்றேன். ரூத்தின் முகம் பார்க்கிற கண்ணாடியை அவன் பாதத்துக்குக் கீழே பிடித்தேன். ஆறு நீலப் புள்ளி.

ரொம்ப நேரம் பார்த்தான்.

“எப்பக்கா வச்ச?”

“நீ ஆரம்பினு சொல்லுததுக்கு முன்னாலயே.”

“கெளம்புடா ஆஸ்பத்திரிக்கு” என்றேன். எழுந்து, “சட்ட மாத்திட்டு வாரேன்” என்றான். இத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவன் செய்தது இதுதான் முதல்.


ஜூன் 12, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி. நேற்று மத்தியானமே சேர்த்தாகிவிட்டது. சர்க்கரை நானூறுக்கு மேல். ஜான்சன் கார் ஓட்டி வந்தான்.

டாக்டர் சின்னப் பெண். பிரியா வயதுதான் இருக்கும். மாத்திரை எப்போது ஆரம்பித்தது, எப்போது விட்டது, எவ்வளவு பவர், போன வருஷம் ரத்தம் எடுத்தபோது சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். தங்கராஜுக்குத் தெரியவில்லை. ரூத்துக்கும். நான் சொன்னேன், ஒவ்வொன்றும், தேதியோடு. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்க நர்ஸா இருந்தீங்களா பாட்டி?”

“இல்லம்மா. கோவக்காரி. அதான் எல்லாம் ஞாபகம் இருக்கு.”

சிரித்தாள். பிறகு அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்து, “இது என்ன துணி, எங்க வாங்கினீங்க?” என்றாள்.

“நாங்களே நெய்யுதது டாக்டர்” என்றான் தங்கராஜ், மெதுவாக.

நர்ஸ் உறையைக் கிழித்து வெள்ளைத் துணி எடுத்தாள். பஞ்சு மாதிரி. “சார், இதுவும் உங்க பக்கத்துத் துணிதான். இது குளிச்சு, வெந்து, டிரஸ் போட்டு வந்திருக்கு. நீங்க கட்டுனது படுக்கையில இருந்து எந்திரிச்சு நேரா வந்தது.”

தங்கராஜே சிரித்துவிட்டான். அந்த நர்ஸை எனக்குப் பிடித்தது. சொந்த ஊர் வன்னியம்பட்டி. கொண்டையில் கனகாம்பரம்.

சுண்டுவிரல் போகும். நாளைக்கு. பாதம் நிற்குமா என்பது எடுத்த பிறகுதான் தெரியும் என்றாள் டாக்டர். வீட்டுக்கு வந்து ரசம் மட்டும் வைத்தேன். இறங்கவில்லை.


ஜூன் 13, வெள்ளி

விரல் எடுத்தாயிற்று. பதினொன்றரை மணி. பாதம் நிற்கும். டாக்டர் வாயால் சொன்னாள், இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தங்கராஜ் கண் விழித்ததும்: “அக்கா, என்னைய மன்னிச்சிரு.” காலைப் போர்வையால் மூடினேன். அவன் போனை ஜான்சனிடம் கொடுத்து, “அந்தப் படத்த அழிச்சிருல” என்றான். பிறகு யோசித்து, “வேண்டாம். இந்தக் கால எடுத்து அதுக்கு அடியில போடு” என்றான். அது பெரிய மனசு. யாரும் செய்ய மாட்டார்கள்.

ஜான்சன் போட்டான். நேற்றுவரை கைதட்டியவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இட்லி. நான்கு தின்றேன். நல்ல பசி.


ஜூன் 14, சனி

சாரல் திரும்பவும். ரூத் தூங்கட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை இறங்கி வருகிறது. தங்கராஜ் ராகிக்கூழுக்கு மூஞ்சியைச் சுளிக்கிறான், அப்படியானால் சுகமாகிறான்.

மாப்பிள்ளை ஸ்டீபன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். தங்கராஜ் அசந்திருந்தான். ஒரு பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்:

“எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தை. பழுப்புத் துணியப் பாத்ததுமே. மாவுப் பொருள்ல பாக்டீரியா எம்புட்டு வேகமா வளரும்னு போன வருசம் ஒம்பதாம் வகுப்புக்கு நடத்துனேன்ல.”

நான் முதலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“அப்ப ஏன் மாப்ள சொல்லல?”

“விசேச வீடுல்லா. மாமா சந்தோசமா இருந்தாரு. நாம எதுக்குக் கெட்ட பேரு வாங்கணும்?”

“சொல்லாட்டிப் போகுது. கை எதுக்குத் தட்டுனீய?”

“எல்லாரும் தட்டும்போது நாம மட்டும்...”

“எல்லாரும் தட்டல மாப்ள. மொதல்ல நீங்க தட்டுனீய. அந்த ஆறு பேரும் ஒங்க மூஞ்சியப் பாத்தாக. சயின்ஸ் வாத்தியாரே தட்டுதாரேனு பொறவு தட்டுனாக. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“விடுங்கத்தை. இந்தக் காலத்துல யாரு உண்மையச் சொன்னா கேக்குறா? ஜனங்க அப்படி ஆயிட்டாங்க” என்று சுளையை வாயில் போட்டார்.

ஜனங்கள் அப்படி ஆயிட்டாங்களாம். பழம் நல்ல இனிப்பு என்றார்.


ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ளது. மனசு லேசாக இருந்தது. தங்கராஜ் காலையில் கம்பைப் பிடித்து நான்கு எட்டு நடந்தான்.

போதகர், கண்ணை மூடி நமக்குத் தீங்கு செய்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து மன்னிக்கச் சொன்னார். எனக்கு நேரம் பற்றாது. இருந்தாலும் எடுத்தேன்.

செருப்புக்கடைக்காரன், மன்னித்தேன். தறிக்காரர் ஆறு பேர், அவர்களுக்குத் தெரியாது, மன்னித்தேன். தாடிக்காரன், அவனிடம் ரொம்ப நேரம் நின்றேன், கடைசியில் விட்டேன், அவன் காலும் எப்படி இருக்கிறதோ. லீலா சிரித்தது, போகட்டும். ஜான்சன் படம் எடுத்தது, அப்பன் சொல்லி எடுத்தான். என்னை ஐந்தாவதோடு நிறுத்தித் தம்பியைப் படிக்கவைத்த அப்பா, முக்கால்வாசி. தங்கராஜ், முழுசாக. அவன் கண்ணை மூடச் சொன்னால் மூடினான், திறந்து பார்த்ததும் நம்பினான்.

ஒருவரை மட்டும் முடியாது. கர்த்தர் கேட்டாலும் இதையே சொல்வேன்.

ஸ்டீபன்.