பொம்மைப் பையில் என் பொத்தான்

கரோலின்,

நீ பூசை முடிந்து வருவதற்குள் நான் ஹார்பருக்குக் கிளம்பியாக வேண்டும். நெத்திலிக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு.

பொம்மை சேர்க்கிறாரே மாதவரத்து அலெக்ஸாண்டர், அவர் போன் பண்ணினார். அவருடைய பொம்மைக்கு நீ செய்த கைப்பையை வாங்கிப்போகச் சாயங்காலம் வருகிறாராம். "சிஸ்டர் கையில மேஜிக் கீது பிரதர்" என்று என்னிடமே சொல்கிறார். எனக்குத் தெரியாதா? அவருக்கு டீ போதும்.

ஒரு சாண் பொம்மைக்கு இடுப்பளவு பார்த்து பெல்ட் தைக்கிறாய். தூண்டில் நரம்பில் மணி கோத்து மாலை போடுகிறாய். என் யூனிபார்ம் பேன்ட் மட்டும் ஊக்கில் நிற்கிறது. கேட்டால், "இருய்யா, பொம்ம பைக்கு ஒட்டுன கம்மு காஞ்சுகினு கீது" என்கிறாய்.

நாளைக்குக் கல்யாண நாள் பூசைக்குப் போட என் கல்யாணச் சட்டையை இஸ்திரி போட எடுத்தேன். கழுத்துப் பொத்தானைக் காணோம். கட்டிலுக்கடியில் தேடிவிட்டு நிமிர்ந்தால், அது உன் மேஜையில், பொம்மையின் சிவப்புக் கைப்பைக்குப் பூட்டாக மின்னுகிறது! அன்றைக்கு மாலை மாற்றும்போது உன் வளையல் மாட்டி அறுந்து, நீயே திரும்பத் தைத்துக் கொடுத்த பொத்தான் அது. மறந்துவிட்டாயா?

பையிலிருந்து அறுத்துவிட்டேன். அந்த ஆளுக்கு வேறு பொத்தான் வைத்துக் கொடு.

இக்னேஷியஸ்

முறுக்கு டப்பாவை ஒளித்துவைத்திருக்கிறேன். அவருக்காகத் தேடாதே.

இன்னொன்று. சட்டை கட்டில் மேல் இருக்கிறது, பொத்தான் அதன் பாக்கெட்டில். ஊசியில் நூல் கோத்தே வைத்திருக்கிறேன். முதலில் என் சட்டை, அப்புறம்தான் அந்தப் பொம்மை.