ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சாயத்து

என் உயிரான அண்ணனுக்கு,

சொன்னால் முதலில் நம்பமாட்டாய். நம்ம மேட்டுக் காலனி இப்போது வெறும் காலனி இல்லை, தனிப் பஞ்சாயத்து. பிச்சாட்டூர் மண்டல ஆபீஸில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் நமக்கென்று தனியாக ஒரு நிறம் அடித்திருக்கிறார்கள். வெளிர்பச்சை. நான் அதன்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றேன். அங்கிருந்த அட்டெண்டர், “இன்னாம்மா, குழந்தையத் தடவற மாதிரி தடவிக்கினு கீற” என்று சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். அணைக்குப் போகும் ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிய ஊர் இருக்கிறது. பெத்தூர் என்போம். இந்தப் பக்கம் கல்மேடு. கரும்பு வெட்டவும் கடலை பிடுங்கவும் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து எல்லை தாண்டி ஆந்திராவுக்கு வந்த நம்ம ஆட்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பெத்தூருக்கு எதற்கும் உதவாத அந்த மேட்டில்தான் குடிசை போட்டார்கள். பிறகு பட்டா வந்தது. ஸ்ரீசிட்டியில் கம்பெனிகள் வந்ததும் குடிசைகள் மாடிவீடாயின. மேட்டுக்குப் பின்னால் லேஅவுட் போட்டார்கள். திருவள்ளூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வந்து, திருப்பதிக்கும் ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் அங்கே குடியேறின. கடைசியில் பெத்தூரைவிட நம்ம பக்கம் வீடுகள் அதிகமாகிவிட்டன.

ஆனால் ரேஷன், பென்ஷன், ஓட்டுச்சாவடி எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்தன. அணை நிரம்பினால் தண்ணீர் ஓடையில் ஏறிக்கொள்ளும். எதிரே தெரிகிற பெத்தூருக்கு நாகலாபுரம் ரோட்டைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வயதானவர்கள் மழைக்காலத்தில் பென்ஷனை மறந்துவிடுவார்கள்.

இதற்காக நீ அலைந்த அலைச்சலை நான் மறப்பேனா? கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து, தூங்காமல் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு சித்தூருக்கு மனு எடுத்துக்கொண்டு போவாய். பிறகு புது மாவட்டம் பிரித்தபோது நம்ம மண்டலம் திருப்பதியோடு சேர்ந்தது. அன்றைக்கு நீ லட்டு வாங்கிவந்து தெருவெல்லாம் கொடுத்தாய். “ஜில்லாவையே பிரிக்கறாங்க. ஒரு காலனியப் பிரிக்க இன்னா கஷ்டம்?” என்றாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. மனு திருப்பதியில் இருந்தது, நீதான் இல்லை.

அதன்பிறகு கம்பெனியில் ஷிஃப்டு முடித்துவிட்டு நான் அலைய ஆரம்பித்தேன். ஒருவழியாக அதிகாரிகள் வந்தார்கள். பெத்தூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை. இரண்டு பக்கத்து ஜனமும் கூடியிருந்தது. பிரிப்பதற்குப் பெத்தூர்த் தலைவர் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே கைதட்டவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் பெரிய அதிகாரி படத்தை விரித்து, ஓடைதான் எல்லை என்று சொன்னார்.

அண்ணா, நீ வீடு கட்டியது ஓடைக்கு அந்தப் பக்கம். பஸ் ஓடையைத் தாண்டாது என்று அங்கே மனை வாங்கினாய். கூடவே நம்ம சொந்தக்காரர்கள் இரண்டு வீடு. ஓடை எல்லையென்றால் அந்த மூன்று வீடும் பெத்தூரோடு போய்விடும். காலனிக்காகக் கடைசிவரை ஓடியவனின் வீடு காலனியில் இருக்காது.

நான் எழுந்து நின்று கத்தினேன். அந்த மூன்று வீட்டையும் எங்களோடு சேர்க்கவேண்டும் என்றேன். மறுபடி அளந்துதான் சேர்க்கமுடியும், அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்தால் பிரிக்கிற வேலை அப்படியே நின்றுவிடும், எப்போது மறுபடி எடுப்பார்கள் என்று சொல்லமுடியாது என்றார் அதிகாரி. நம்ம ஜனம் என் முகத்தைப் பார்த்தது. நான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன்.

பெண்கள் கூட்டத்திலிருந்து பத்மா அண்ணி எழுந்தார்கள். நகரியிலிருந்து உனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், நாலுபேர் எதிரில் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. தெலுங்கில் ஆரம்பித்து நம்ம தமிழில் முடித்தார்கள்.

“ஓடையே எல்லையா இருக்கட்டும் சார். மூணு வூட்டுக்காக ஊரையே நிறுத்தாதீங்க. எங்க வூட்டுக்காரரு கேட்டது ஊரு, வூடு இல்ல.”

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. நேரே அண்ணி வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அண்ணனை வெளியே தள்ளிவிட்டீர்களே என்றேன். அவர்கள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டே, “அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? படத்துல கோடு போட்டுக் காட்டி, நாம அந்தாண்டதான் இருப்போம் பத்மா, உனக்குச் சம்மதமான்னு கேட்டாரு. சரின்னேன். முதல்ல துன்னு, அப்புறம் சண்ட போடு” என்றார்கள்.

நான் தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்திருந்ததா அண்ணா? தெரிந்துகொண்டேதான் அத்தனை நாளும் பஸ் பிடித்துப் போனாயா? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் மனுவைக் கிழித்துப் போட்டிருப்பேன் என்று பயந்தாயா?

இனிமேல்தான் நல்ல சேதி. தேர்தல் வந்தது. நம்ம ஊருக்கு நம்ம ஊரிலேயே ஓட்டுச்சாவடி. செருப்பில்லாமல் நடந்துபோய் ஓட்டுப் போட்டுவிட்டு, அடுப்பில் வைத்த சோறு குழைவதற்குள் திரும்பிவந்தவர்களைப் பார்த்தேன். பஞ்சாயத்துத் தலைவரை இங்கே சர்பஞ்ச் என்பார்கள், அந்தப் பதவிக்கு என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஜெயித்தேன் அண்ணா. உன் தங்கச்சி சர்பஞ்ச். கம்பெனியில் சூப்பர்வைசர் இப்போது என்னை வாங்க போங்க என்கிறார், எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய சேதி அந்தப் பக்கம். கிராமசபையில் அண்ணி பேசியதைப் பெத்தூர்ப் பெண்கள் மறக்கவில்லை. அவர்கள் வார்டில் பெண்கள் நிற்கவேண்டிய முறை வந்ததும், அந்தப் பெண்கள் எல்லாம் அண்ணி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ நின்றால்தான் போவோம் என்றார்களாம். எந்தப் பெத்தூரில் நம்ம ஆட்களை ஒருகாலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலி கொடுத்தார்களோ, அதே பெத்தூரில் உன் பெண்டாட்டி வார்டு மெம்பர். மாலை போட்ட கழுத்தோடு ஓடைக்கரைக்கு வந்து நின்று எனக்குக் கையாட்டினார்கள். நான் புடவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஓடினேன். சர்பஞ்ச் செய்கிற காரியமா என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

இப்போது ஒரு விஷயம் கேள். போன வாரம் லேஅவுட் ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கம் விளக்கு எரிவதில்லை, தண்ணீர் லாரி வருவதில்லை, நீங்கள் உங்கள் பழைய தெருக்களைத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள், நாங்கள் தனியாகப் போகலாம் என்று பார்க்கிறோம் என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரிந்து வந்த ஈரமே காயவில்லை, அதற்குள் நம்மிடமிருந்து பிரிய ஆளா? பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அண்ணியிடம் போய்ப் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். “உங்க அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் அவங்க கூட்டத்துல போய் உக்காந்துக்கினு இருப்பாரு” என்றார்கள்.

உண்மைதானே? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லேஅவுட்டுக்கு நானே நடந்து போகிறேன். வீடு வீடாக உட்கார்ந்து கேட்கிறேன். விளக்கும் தண்ணீரும் கொடுத்தபின்னும் தனியாகத்தான் போவோம் என்று அவர்கள் சொன்னால், அவர்கள் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

பெத்தூர் வார்டு மெம்பரின் நாத்தனார்,
உன் தங்கச்சி செல்வி