நூறைத் தாண்டினால்

ஆனி 9, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கடிகாரம் வந்துவிட்டது. ஓட்டப் பயிற்சிக்காரர்கள் கட்டுவதாம். அதோடு வந்த பட்டை மகள் வைதேகியின் மார்பில், கடிகாரம் என் கையில். அவள் நாடித் துடிப்பு எனக்குத் தெரியும். நாலடிக்கு மேல் தள்ளிப்போனால் எண் போய் வெறும் கோடு.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னை டாக்டரம்மாவிடம் பேசினேன். அவள் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதற்கு முன்பே துடிப்பு ஏறுமாம். நூறைத் தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விலகி இருக்கச் சொன்னார். ஆடிக்குள் மோதிக்கொள்வது குறையாவிட்டால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதிதான். பத்தொன்பது வயதுப் பெண்ணை எப்படி விடுவேன்?

ஆனி 11, புதன்

குக்கர் விசில், 108. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், 104. தலை வாரும்போது 121, மோதிக்கொண்டாள். நெற்றியில் பழைய இடத்திலேயே ரத்தம். விலகு என்றால்? பெற்றவளால் முடிகிற காரியமா? நூறு ஆனதுமே பாய்ந்து இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அப்படியும் திமிறுகிறாள்.

வாங்க: பஞ்சு, எள், வெல்லம், பாகற்காய்.

இவர் கோயிலிலிருந்து வந்து நோட்டைப் புரட்டினார். "எண்ணி என்னடி ஆகப்போறது" என்றார்.

ஆனி 13, வெள்ளி

மாமனார் திவசம். நான் மடி, வை.யைத் தொடக்கூடாது. வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுப் பத்மாவிடம் விட்டேன். கடிகாரமும் அவள் கையில். தறி ஓடுகிற வீடு. இன்றைக்கு மண்டை உடையப்போகிறது என்று பயந்துகொண்டே சமைத்தேன். பாகற்காயில் உப்பு போட்டேனா, நினைவில்லை.

மூன்று மணிக்குப் போனேன். பத்மா காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்திருந்தாள். 84, 82, 86, 83.

"ஒன்னுமே பண்ணல மா. தறி பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினே இருந்துச்சு. நான் பாட்டுக்கு நெய்ஞ்சிக்கினு இருந்தேன், தொடக்கூட இல்ல."

கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு வை. அருகில் உட்கார்ந்தேன். 91. நோட்டை எடுத்தேன். 98. கையை நீட்டினேன். 117. தறிச் சத்தம் அப்படியேதான் இருந்தது.

ஆனி 14, சனி

மேகமூட்டம். துணி காயவில்லை. நோட்டை முதலிலிருந்து படித்தேன். விசில், சீப்பு, தறி என்று காரணம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நான் பாய்ந்து பிடித்திருக்கிறேன். என்னை மட்டும் எழுதவில்லை. அவளுக்கு என்னிடம்தான் பயம்.

திங்களன்று டாக்டரம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

இப்போது கூடத்தில் இருக்கிறாள். பக்கத்தில் நின்றால் 109. ஓரடி பின்னால் வந்தேன், 103. நிலைப்படி வரை வந்தேன், 96. இன்னும் ஓர் எட்டு வைத்தேன், நாலடி தாண்டியது. வெறும் கோடு.