எறும்பு ஏறிய சுவர்

பம்பாய்
14.10.1978

அன்புள்ள மாயக்காளுக்கு நல்லகாமன் எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகந்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஊர்ச் சோறுதான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

கண்ணுச்சாமி அண்ணனை எழுதச் சொல்லி நீ அனுப்பிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. பின்சுவரில் எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு உத்திரத்துக்கு ஏறுகிறது, இந்த வருசம் நல்ல மழைதான் என்று சந்தோசமாகச் சொல்லியிருக்கிறாய். ஊரே மழைக்குக் காத்திருக்கும்போது நான் ஒருத்தன் வேண்டாம் என்று நினைப்பது பாவம்தான். ஆனால் அது போன மழையிலேயே அடிமண் கரைந்த சுவர். அந்த உத்திரத்தில்தானே பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறாய்?

இங்கே ஒரு கூத்து நடந்தது. கட்டிட வேலை நடக்கிற இடத்தில் தட்டான் தாழப் பறந்ததைப் பார்த்து, "மழை வருது, சிமெண்ட உள்ள தூக்குங்கப்பா!" என்று கத்திவிட்டேன். அம்புட்டு மூட்டையையும் சுமந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. இப்போது எனக்கே தட்டான் என்று பேர் வைத்துவிட்டார்கள். நம்மூர்க் குறி இங்கே பலிக்காது போல. அங்கே பலிக்கும், அதுதான் பயம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடு. மேஸ்திரி கூப்பிடுகிறார்.

கண்ணுச்சாமி அண்ணே, இதை மட்டும் அவளுக்கு ரெண்டு தரம் வாசிங்க: மாயக்கா, எறும்பு தன் முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நீயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒத்தக்கடைக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு.

நல்லகாமன்