ஆறாவது வரிசை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், அந்த ரொட்டிக்கடை வேலையில் கையைச் சுட்டுக்கொள்ளாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்த வரி பேனாவில் வர மாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, அப்பா நடமாடிக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். போன வியாழக்கிழமை அவருக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. ஒரு மாதமாகப் போனில் உன்னிடம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது பொய். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு, பாதியிலேயே போனை எடுத்துக் கத்தாதே.

எல்லாம் அந்த அடுப்பில் ஆரம்பித்தது. உங்கள் கடையில் இருக்கிற மாதிரி ஒரு விறகு அடுப்பு நம் வீட்டில் இருந்தால் நான் ஏன் இங்கே கிடக்கிறேன் என்று நீ ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாய் அல்லவா, நீ மறந்திருப்பாய், அவர் மறக்கவில்லை. மறுநாளே பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கயிறு பிடித்து அளக்க ஆரம்பித்துவிட்டார். உன் மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே, என்ன நடந்தது என்றுதான் சொல்கிறேன். இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டினார், தளத்துக்குக் கல் பாவினார், அதன் மேல் ஈர மணலைக் கவிழ்த்த சட்டி மாதிரி குவித்துத் தட்டி, நனைத்த செய்தித்தாளை ஒட்டினார். அந்த மணல்மேட்டைச் சுற்றித்தான் செங்கல்லை அடுக்கிக்கொண்டு போக வேண்டும், எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு அடுப்பு வாய் வழியாக மணலை வாரி எடுத்துவிடலாம். கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பார்த்தால்தான் தெரிகிறது. முழுக் கல்லை அப்படியே வைத்தால் வளையாது. பாதியாக வெட்டி, உள்பக்கம் ஒடுங்கியும் வெளிப்பக்கம் அகன்றும் இருக்கிற மாதிரி இரண்டு விளிம்பையும் சீவ வேண்டும். மேலே போகப் போக வட்டம் சுருங்குகிறது, சீவலும் கூடுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அட்டை வெட்டி வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டு, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டிங் மெஷினில் அறுத்தார். காலையில் பள்ளிக்கூட வேனை ஓட்டிவிட்டு வந்து, சாயங்கால ட்ரிப்புக்குக் கிளம்புகிற வரைக்கும் இதே வேலை. கல்லை எடுத்து நீட்டுவதும் கலவை குழைப்பதும் என் பங்கு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான்கு வரிசை அவ்வளவு அழகாக வந்தது, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் தீக்குச்சி நுழையாது. எதிர்வீட்டு நர்ஸ் மதில் வழியாக எட்டிப் பார்த்து, என்னக்கா, வீட்டுக்காரருக்குக் கோயில் கட்டுறீங்களா என்று கேட்டாள்.

ஐந்தாவது வரிசைக்கு வெட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி வேர்வையில் மங்கிப்போய்க் கோடு தெரியவில்லை என்று அதை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டிருக்கிறார். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். மெஷின் சத்தம் நின்றது, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, என்னங்க என்றேன், தூசு விழுந்துருச்சு, ஒண்ணுமில்ல என்றார். மருந்துக்கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டார். நாலைந்து நாளில் சிவப்பு குறைந்தது. சரி, போயிற்று என்று இருந்துவிட்டேன்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். அந்த வெள்ளிக்கிழமை ஆறாவது வரிசையை வைத்தார். கரண்டியில் கலவை எடுத்தால் கல்லில் விழாமல் பக்கத்தில் விழுகிறது. ஒரு கல் பக்கத்துக் கல்லோடு இடிக்கிறது, அடுத்த கல்லுக்கு நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. இந்த லோடு செங்கல்லே சரியில்ல, ஒண்ணு ஒரு அளவு, ஒண்ணு ஒரு அளவு என்று சூளைக்காரரைத் திட்டினார். கல் எல்லாம் ஒரே லோடு, அது எனக்குத் தெரியும். என் கையில் இருந்த கல்லை அவர் வாங்க வந்தபோது கை ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. நான் பார்த்தேன் சிட்டு. கேட்கவில்லை. ஒன்பது நாள் கேட்கவில்லை. தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினார், துடைத்தேன். வாசல் நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டார், பார்த்து வாங்க என்றேன். ஏழாவது வரிசையும் ஏறியது, மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டைதான் பாக்கி, அதை மூடிவிட்டால் அடுப்பு முடிந்தது, முடிந்தால் நீ வந்துவிடுவாய். அந்த நினைப்பில் வாயை மூடிக்கொண்டு கல்லை எடுத்து எடுத்து நீட்டினேன். அந்த ஒன்பது நாளில் எத்தனை தடவை பதினொரு பிள்ளைகள் அந்த வேனில் ஏறி இறங்கினார்கள் என்று இப்போது நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. ஏங்க, இடது கண்ணப் பொத்திக்கிட்டு என் கையில எத்தனை விரல்னு சொல்லுங்க என்றேன். விளையாடாதே என்றார். பிடிவாதமாக நின்றேன். பொத்திக்கொண்டு, மூணு என்றார். நான் விரலே காட்டவில்லை. ஒரு பாதிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை எடுத்துவிட்டு அந்தக் கல்லைப் பார்த்தார், முகம் சுண்டிப்போயிற்று. டாக்டரிடம் காட்டுகிற வரைக்கும் வேனைத் தொடாதீங்க என்று கெஞ்சினேன். இருபத்தாறு வருஷமா அதே ரோடு, எனக்கு எங்க பள்ளம் எங்க மேடுன்னு மனப்பாடம், புள்ளைங்க பரீட்சை முடியட்டும், ஒரு வாரத்துல நானே பள்ளிக்கூடத்துல சொல்றேன் என்றார்.

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போகணும் என்று சொல்லி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவருக்குத் தெரியும் நான் எதற்கு ஏறினேன் என்று, வண்டியைக் கிளப்பினார். தண்ணீர்த் தொட்டி கிட்டத் திரும்புகிற இடத்தில் வலது பக்கத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் பின்னால் துணி மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். நான் பார்க்கிறேன், அவர் திருப்புகிறார். நான் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தார். சைக்கிள் கைப்பிடி வேனில் உரசி, அவள் காலை ஊன்றிக்கொண்டாள். கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டுற லட்சணமா இது என்று அவள் திட்டினாள். நான் கத்தியதைப் பார்த்துப் பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் இரண்டு உள்ளங்கையையும் பேண்டில் துடைத்துக்கொண்டு, மிச்ச தூரத்தை உருட்டுகிற மாதிரி ஓட்டினார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இறங்கியதும் நானும் இறங்கினேன். அவரிடம் சொல்லாமல் நேரே பெரிய டீச்சர் அறைக்குப் போய், அவருக்கு ஒரு கண் தெரியவில்லை, இனி அவரிடம் சாவி கொடுக்காதீங்க என்றேன். அவர்கள் நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை, உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. மத்தியானம் வேன் சாவி இல்லாமல் வெறும் கையோடு நடந்து வந்தார். யாரு சொன்னது என்றார். நான்தான் என்றேன். அதோடு பேச்சு நின்றது. ரேடியோவைப் பார்த்து, இந்த வீட்ல உப்புன்னு ஒண்ணு இருக்கா என்று கேட்பார், நான் ரேடியோவுக்குப் பதில் சொல்வது போல உப்பைக் கொண்டுபோய் வைப்பேன். எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை. மாமா வந்து, மச்சான், கண்ணு போச்சுன்னா அக்கா மேல கோவிச்சா திரும்பி வந்துருமா என்று சத்தம் போட்டுத்தான் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். செங்கல் சில்லு கருவிழியைக் கீறி உள்ளே போய் லென்ஸில் புரை கட்டிவிட்டதாம். எடுக்கலாம், எவ்வளவு பார்வை வரும் என்று சொல்ல முடியாது, அன்றைக்கே வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர். கடைசிச் சொல்லை மாமா அப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் மட்டும் சொன்னான்.

ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அவர் கண்ணில் மருந்து விட்டு மூடி வைத்திருந்தார்கள். இனியும் மனதில் வைத்திருக்க முடியாமல் நான் சொல்லிவிட்டேன், ஆறாவது வரிசை வைக்கிறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க, நான் வாயத் தொறக்கல என்று. பத்து நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசினார். தெரியும், கல்ல நீட்டுறப்ப உன் கை நின்னுச்சு, நீ கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன், நானா சொல்ல வாய் வரல என்றார். பிறகு, அந்த சைக்கிள் பொம்பள கீழ விழுந்திருந்தா நாம ரெண்டு பேரும் சேந்து தள்ளுனதாத்தான் ஆயிருக்கும் என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன், இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கட்டு அவிழ்த்தாயிற்று. வெளிச்சம் தெரிகிறது, என் சேலை நிறம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. போகப் போகக் கொஞ்சம் கூடலாம் என்கிறார்கள். வேன் இனி இல்லை, அதை அவரே சொல்லிவிட்டார். நேற்று என்னை உட்காரவைத்துப் புது டிரைவருக்கு ஒரு தாள் எழுதச் சொன்னார். எந்தப் பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கும், எந்தப் பிள்ளை சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு இறங்கும், எந்த வீட்டு நாய் வேன் சக்கரத்துக்குள் ஓடிவரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் பதினொன்றாவது பிள்ளையில் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் கடைசிப் பிள்ளையைப் பற்றி இன்று காலையில்தான் சொன்னார்.

கொத்தனாரைக் கூட்டிவந்து மேல் ஓட்டையை மூடித் தருகிறேன் என்று மாமா சொன்னான். வேண்டாம், ஒரு பக்கமா சாயுது, நெருப்பு போட்டா ஒரு நாள் உள்ள இறங்கிரும், ஆறாவது வரிசையில இருந்து பிரிக்கணும் என்றார் அப்பா. அவரைக் குனியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான்தான் உளியும் சுத்தியலும் எடுத்து, அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு வரிசையையும் தட்டித் தட்டிப் பிரித்துச் சுரண்டி அடுக்கி வைத்திருக்கிறேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாத்து, விரல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஐந்து வரிசை நிற்கிறது, மேலே தார்பாய் போட்டு மூடியிருக்கிறது.

இதையெல்லாம் எழுதியது உன்னை அழைப்பதற்கு இல்லை. அப்பாவுக்குக் கண் போயிற்று என்று மூட்டையைக் கட்டாதே, நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் என்று உட்கார்ந்து அழாதே. உன்னை வரவைக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாய் திறந்து உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கல்லை வைத்துக் கேட்கப் பார்த்தோம், அது எங்கள் தப்பு. இப்போது வாயாலேயே கேட்கிறேன், எங்களுக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. முடியும்போது வா, முடியாவிட்டால் முடியாது என்று சொல். அந்த அடுப்பு மறுபடி எழும்புமா என்று எனக்குத் தெரியாது, எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் உன் அறை கூட்டித் துடைத்துத்தான் இருக்கிறது.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. மறக்காதே, வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி டாக்டரிடம் போகிறோம், சாயங்காலத்துக்கு மேல் கூப்பிடு. அப்பா எடுத்து ஒண்ணுமில்லம்மா, நல்லாயிருக்கேன் என்றால் விட்டுவிடாதே, நீ கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா